புற்றுநோயும் மூளையும்: நோயாளியின் இயல்பு ஏன் மாறுகிறது?

அரபு மொழியில் புற்றுநோய்க்கு ‘ஸரத்தான்’ என்று பெயர். நண்டு என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். கிரேக்க மருத்துவர்கள் இட்ட ‘கார்கினோஸ்’ என்னும் பெயருக்கும் அதுவே பொருள். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்த நாளங்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றியமையால் இப்பெயர் வந்தது எனப் பழைய மருத்துவர்கள் விளக்கினர். மண்ணைப் பிளந்துகொண்டு எழும் புற்றின் தோற்றம் நம் தமிழ்ப் பெயரில் இருக்கிறது. இப்பெயர்கள் யாவும் கட்டியின் வடிவத்தையும் வளர்ச்சியையுமே சுட்டுகின்றன. நோயாளியின் நினைவிலும் பேச்சிலும் குணத்திலும் இந்நோய் உண்டாக்கும் மாற்றத்தை அவை சுட்டுவதில்லை.

அம்மாற்றத்தையே குடும்பத்தினர் முதலில் உணர்கின்றனர். நாற்பது ஆண்டுகள் கடைக்கணக்கை மனத்திலேயே வைத்திருந்த வாப்பா இன்று கணக்கில் தடுமாறுகிறார். ஒருபோதும் குரல் உயர்த்தாத உம்மா சிறு விஷயத்துக்கும் சீறுகிறார். தொழுகையில் ஒன்றி நின்றவர் எத்தனை ரக்அத் தொழுதோம் என்று தெரியாமல் திகைக்கிறார். சுற்றியிருப்போர் இதற்குத் தாமறிந்த காரணங்களைக் கற்பிக்கின்றனர். பொறுமை போய்விட்டது என்கிறார் ஒருவர். ஈமான் தளர்ந்துவிட்டது என்கிறார் மற்றொருவர். வேண்டுமென்றே செய்கிறார் என்று மூன்றாமவர் முடிவு கட்டுகிறார்.

இம்முடிவுகள் பெரும்பாலும் பிழையானவை என்பதை மருத்துவ ஆய்வுகள் உணர்த்துகின்றன. புற்றுநோயாளியின் நடத்தை மாறினால் அதனை முதலில் ஒரு நோய்க்குறியாகவே கருத வேண்டும். காய்ச்சலுக்குக் காரணம் தேடுவது போல் இதற்கும் காரணம் தேட வேண்டும். தேடினால் பல வேளைகளில் தீர்க்கத்தக்க காரணமே கிடைக்கும். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் தம் நூலில் உடலின் நோய் உள்ளத்தையும் உள்ளத்தின் நோய் உடலையும் பாதிக்கும் என்பதை அடிப்படையாகக் கொண்டே இரண்டுக்கும் மருத்துவம் கூறினார். அந்தத் தொடர்பு எவ்வழியாக நிகழ்கிறது என்பதை இன்றைய அறிவியல் ஓரளவு காட்டத் தொடங்கியிருக்கிறது. அவ்வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மூளைக்குள் தோன்றும் கட்டி

முதல் வழி நேரடியானது. கட்டி மூளையிலேயே தோன்றலாம். அல்லது நுரையீரல், மார்பகம் போன்ற உறுப்புகளில் தோன்றிய புற்றின் அணுக்கள் இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து அங்கே வேரூன்றலாம். மண்டை ஓடு விரிந்து கொடுக்காத பெட்டி. அதனுள் வளரும் எந்தக் கட்டியும் அருகிலுள்ள பகுதியை அழுத்துகிறது. சுற்றிலும் நீர் கோத்து வீக்கம் உண்டாகிறது.

எந்தப் பகுதி அழுந்துகிறது என்பதைப் பொறுத்தே மாற்றம் அமைகிறது. நெற்றிக்குப் பின்னே உள்ள முன்மடல், திட்டமிடுதல், தன்னடக்கம், இடமறிந்து பேசுதல் ஆகியவற்றுக்குரியது. அங்கே கட்டி வளர்ந்தால் ஒருவர் எதிலும் நாட்டமின்றிச் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருக்கலாம். மற்றொருவர் நாணம் துறந்து பேசலாம். இன்னொருவர் பணத்தை வாரி இறைக்கலாம். கையும் காலும் இயங்கிக்கொண்டிருக்கும். பேச்சும் தெளிவாகவே இருக்கும். ஆகவே நோய் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. பொட்டுப் பகுதியிலுள்ள மடலில் கட்டி வளர்ந்தால் நினைவு தப்பும். இல்லாத வாடை வீசுவதாகத் தோன்றும். காரணமற்ற அச்சம் எழும்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் இறுதி மாதங்கள் இதற்கு நன்கு பதிவான சான்று. 1937ஆம் ஆண்டு பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மேடையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோது சில நொடிகள் அவருக்கு நினைவு தப்பியது. ரப்பர் எரிவது போன்ற வாடை வீசுவதாக அவர் அடிக்கடி கூறினார். கடும் தலைவலி, எரிச்சல், விந்தையான செயல்கள் ஆகியன தொடர்ந்தன. வேலைப்பளுவும் மனச்சோர்வுமே காரணம் எனச் சுற்றியிருந்தோர் எண்ணினர். ஜூன் மாதம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, மனக்கோளாறாக இருக்கலாம் என்று கருதி மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பினர். ஜூலை 9ஆம் நாள் அவர் நினைவிழந்து வீழ்ந்தார். அறுவை செய்தபோது வலப்பக்கப் பொட்டு மடலில் பெருங்கட்டி இருந்தது. ஜூலை 11ஆம் நாள், 38ஆம் வயதில் இறந்தார். மண்டைக்குள்ளே நோக்கும் ஸ்கேன் கருவிகள் அன்று இல்லை. இன்று அவை பல நகரங்களில் இருக்கின்றன. ஆனால் குணம் மாறியவரை அங்கே அழைத்துச் செல்லத் தோன்றாவிட்டால் அவற்றால் பயனில்லை.

கட்டி மூளையை அழுத்துவதோடு நின்றுவிடுவதில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. மூளை நரம்பணுக்கள் சில வகைப் புற்றணுக்களோடு உண்மையான இணைப்புகளை ஏற்படுத்துகின்றன என்பதை 2019இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வுகள் காட்டின. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மின்குறிப்புகளைப் புற்றணுக்கள் பெற்று, அவற்றைத் தம் வளர்ச்சிக்குப் பயன்படுத்துகின்றன. சிந்தனை நிகழும் அதே வலையமைப்பில் கட்டியும் பங்கு கொள்கிறது.

தொலைவிலிருந்தே மூளையைத் தீண்டும் புற்று

இரண்டாவது வழி மறைமுகமானது. மூளையில் கட்டியே இல்லாதபோதும் மூளை பாதிக்கப்படுவதுண்டு. கணையப் புற்றுநோய் கண்டறியப்படும் முன்பே சிலரிடம் ஆழ்ந்த சோர்வும் இனம்புரியாத அச்சமும் தோன்றுவதை 1931ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. தமக்குப் புற்றுநோய் என்று அறியாதவருக்கு அந்நோயைக் குறித்த கவலை எங்ஙனம் வரும்?

உடலின் எதிர்ப்பாற்றல் அணுக்கள் சுரக்கும் அழற்சிப் பொருள்களில் இதற்கான விடையின் ஒரு பகுதி இருக்கிறது. காய்ச்சல் கண்ட நாளில் நமக்கு உணவில் விருப்பமிராது. யாரோடும் பேசத் தோன்றாது. படுத்தே இருக்கத் தோன்றும். அதற்குக் காரணமும் இப்பொருள்களே. புற்றுக் கட்டிகளும் இவற்றைத் தூண்டுகின்றன. 2009இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மார்பில் கட்டி வளர்ந்த எலிகளை ஆராய்ந்தனர். அவற்றின் மூளையில் கட்டி இல்லை; தமக்கு நோய் என்று அஞ்சும் அறிவும் எலிகளுக்கு இல்லை. ஆயினும் அவை சோர்வுக்குரிய நடத்தையைக் காட்டின. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் அழற்சிப் பொருள்கள் மிகுந்திருந்தன.

இரத்தத்தின் தாதுச் சமநிலை குலைவதும் மற்றொரு காரணம். எலும்பில் பரவிய புற்றிலும், மையலோமா எனப்படும் எலும்பு மஜ்ஜைப் புற்றிலும் இரத்தத்தில் கால்சியம் மிகலாம். அப்போது கடும் தாகமும் மலச்சிக்கலும் தோன்றி, பின்னர் உறக்கமும் குழப்பமும் மேலிடும். நுரையீரலின் ஒருவகைப் புற்றில் சோடியம் குறைந்து அதே போன்ற குழப்பம் வரும். சாதாரண இரத்தச் சோதனையில் இவ்விரண்டும் தெரிந்துவிடும். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. இறுதிக் காலம் நெருங்கிவிட்டது என்று எண்ணி யாஸீன் ஓத அமர்ந்த வீட்டில், நோயாளி சில நாளில் தெளிந்து எழுந்து உட்காரவும் கூடும்.

மூன்றாவது காரணம் அரியது, எனினும் நாம் அவசியம் அறியவேண்டியது. கட்டியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் தவறுதலாக மூளையணுக்களையே தாக்கிவிடுவதுண்டு. மருத்துவர் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் 2007இல் 12 பெண்களைப் பற்றி எழுதினர். அவர்களுள் மிக இளையவருக்கு வயது 14. திடீரென மனநோய்க் குறிகள், நினைவிழப்பு, வலிப்பு, உணர்வு மங்குதல் ஆகியன அவர்களிடம் தோன்றின. 11 பேருக்குச் சூலகத்திலும் ஒருவருக்கு மார்புக்கூட்டிலும் டெரடோமா என்னும் கட்டி இருந்தது. அது பெரும்பாலும் புற்றுத்தன்மை அற்ற கட்டியே. கட்டியை அகற்றியும் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து கொடுத்தும் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் தேறினர்.

நேற்றுவரை இயல்பாக இருந்த ஓர் இளம்பெண் திடீரெனக் கூச்சலிடுகிறாள், தனக்குத்தானே பேசுகிறாள், முகத்தைக் கோணுகிறாள் என்றால் நம் ஊர்களில் முதலில் வரும் எண்ணம் எது என்பதை வாசகர்கள் அறிவர். ஜின் தீண்டிவிட்டது என்று தகடும் கயிறும் தேடிச் செல்வர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பமுடியாமல் மாண்டனர். அவர்களுக்கு இருந்த நோய்கள் வேறாக இருக்கலாம். ஆனால் நடத்தை மாறிய மனிதரை மருத்துவரிடம் காட்டாமல் கட்டிவைக்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அந்நிகழ்வு போதும். ஜின்கள் உண்டு என்பதை ஏற்பது நம் நம்பிக்கையைச் சார்ந்தது. குறிப்பிட்ட ஒரு நோயாளியின் நிலைக்கு அவையே காரணம் என்று சோதனையின்றி முடிவு கட்டுவது நம் அனுமானமே ஆகும்.

மருந்தும் கதிர்வீச்சும்

சிகிச்சையே மூளையைப் பாதிப்பது மூன்றாவது வழி. கீமோதெரபி பெற்றவர்கள், மூளையில் மூடுபனி படர்ந்தாற்போல் இருக்கிறது என்று நெடுநாளாகக் கூறி வந்தனர். தெரிந்த சொல் நாவில் வராது. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் செய்யவியலாது. படித்த பக்கத்தை மீண்டும் படிக்க வேண்டியிருக்கும். நோயாளிகளே இதற்குக் ‘கீமோ பிரெயின்’ என்று பெயரிட்டனர். தொடக்கத்தில் மருத்துவர்கள் பலர் இதை மனக்கவலை என்று ஒதுக்கினர். 1990களில் முறையான நினைவுச் சோதனைகள் நடத்தப்பட்ட பிறகே கருத்து மாறத் தொடங்கியது.

2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 581 மார்பகப் புற்றுநோயாளிகளையும், நோயற்ற 364 பெண்களையும் ஒப்பிட்டது. கீமோதெரபிக்கு முன்னும் பின்னும் கேட்டறிந்தபோது, நோயாளிகளில் நூற்றுக்கு 45 பேர் தம் அறிதிறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகக் கூறினர். நோயற்றோரில் அவ்வாறு கூறியோர் நூற்றுக்குப் பத்துப் பேரே. ஆறு மாதம் கழிந்த பின்னும் நோயாளிகளில் நூற்றுக்கு 36 பேருக்கு மேல் அக்குறை நீடித்தது. கீமோதெரபி தொடங்கும் முன்பே சிலரிடம் இக்குறை இருப்பதை வேறு ஆய்வுகள் கண்டன. ஆகவே பழியை மருந்தின்மீது மட்டும் சுமத்தாமல், புற்றுநோய் சார்ந்த அறிதிறன் குறைவு என்னும் விரிந்த பெயரையே மருத்துவர்கள் இன்று விரும்புகின்றனர்.

இது எவ்வாறு நிகழ்கிறது? மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்தின் வரலாறு இதனை விளக்க உதவும். அம்மருந்து உருவானதில் நம் பகுதிக்கும் தொடர்புண்டு. ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஆய்வகமே அதனையும், அதற்கு முன்னோடியான அமினோப்டெரினையும் ஆக்கியது. பாஸ்டன் நகரின் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். 10 குழந்தைகளின் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948இல் வெளியான அச்செய்தி புற்றுநோய் மருத்துவத்தில் ஒரு புதிய காலத்தைத் தொடங்கியது.

அதே மெத்தோட்ரெக்ஸேட் மூளைக்கு என்ன செய்கிறது என்பதை 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் மோன்ஜேயின் குழுவினர் எலிகளிடம் ஆராய்ந்தனர். மூளையின் காவல் அணுக்களாகிய மைக்ரோகிளியாக்கள் அம்மருந்தால் தூண்டப்பட்டு ஓயாத அழற்சி நிலையில் நின்றுவிடுகின்றன. அதன் விளைவாக, நரம்பிழைகளின் மேலுறையை உருவாக்கும் அணுக்கள் முதிர்ச்சி பெறாமல் தேங்குகின்றன. மின்கம்பியின் மேலுறை தேய்ந்தால் மின்னோட்டம் சீராகச் செல்லாதது போல், உறை குன்றிய நரம்பிழையில் செய்தி மெதுவாகச் செல்கிறது. சிந்தனை மந்தமாகிவிட்டது என்று நோயாளி கூறுவதற்கு இவ்வாறு ஓர் உடற்காரணம் புலப்பட்டது.

கதிர்வீச்சின் கதை இன்னும் படிப்பினை நிறைந்தது. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள இயற்கைத் தடுப்பை மருந்துகள் எளிதில் கடப்பதில்லை. எனவே இரத்தப் புற்று குணமான குழந்தைகளிடம் அது மூளையுறையில் மீண்டும் தலைகாட்டியது. இதைத் தடுக்க, 1960களில் தொடங்கித் தலைக்கு 24 கிரே அளவு கதிர்வீச்சு கொடுக்கும் முறை பரவியது. உயிர் பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் அக்குழந்தைகள் பள்ளிக்குச் சென்றபோது கவனம் குன்றியது, கணக்கு வரவில்லை, ஆண்டுகள் செல்லச் செல்லக் குறை கூடியது. சோம்பேறிப் பிள்ளை என்று ஆசிரியர்கள் ஏசிய குழந்தைகளின் மூளையில் கதிர்வீச்சின் தழும்பு இருந்தது. மருத்துவர்கள் கதிர் அளவை 18 கிரேயாகக் குறைத்தனர். பின்னர் தண்டுவட நீரில் மருந்து செலுத்தி அதற்கு மாற்றுக் கண்டனர். தலைக்குத் தடுப்புக் கதிர்வீச்சு கொடுக்காமலேயே 498 குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க மருத்துவமனை ஒன்று, ஐந்தாண்டுக்கு மேல் உயிர்வாழ்வோர் நூற்றுக்கு 93 பேருக்கு மேல் என 2009இல் அறிவித்தது. நோயாளியின் புத்தி மாற்றத்தைக் குணக்கேடு என்று தள்ளாமல் சிகிச்சையின் விளைவு என்று ஏற்றதாலேயே இம்முன்னேற்றம் இயன்றது.

பெரியவர்களுக்கும் இப்படிப்பினை பயன்படுகிறது. மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு தேவைப்படும்போது, ஹிப்போகாம்பஸ் பகுதியை விலக்கிக் கதிரைச் செலுத்துவதும், மெமன்டின் என்னும் மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதும் நினைவைக் காக்க உதவுகின்றன. 518 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது.

நினைவைவிடக் குணத்தையே மாற்றும் மருந்துகளும் உண்டு. அவற்றுள் முதலிடம் ஸ்டீராய்டுக்கு. மூளைக் கட்டியின் வீக்கத்தை வடிக்கவும், கீமோதெரபியின் குமட்டலைத் தணிக்கவும் அது இன்றியமையாதது. ஆனால் அது உறக்கத்தைக் கெடுக்கும். எரிச்சலையும் மிதமிஞ்சிய உற்சாகத்தையும் தரும். சிலரிடம் பொய்க்காட்சிகளையும் ஐயங்களையும் தோற்றுவிக்கும். பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டு பெற்ற 718 பேரைப் பற்றிய ஆய்வு 1972இல் வெளியானது. நாள்தோறும் 40 மில்லிகிராமும் அதற்குக் குறைவாகவும் உட்கொண்டோரில் நூற்றுக்கு 1.3 பேருக்கே மனக்கோளாறு தோன்றியது. 41 முதல் 80 மில்லிகிராம் வரை உட்கொண்டோரில் 4.6 பேருக்கும், 80க்கு மேல் உட்கொண்டோரில் 18.4 பேருக்கும் தோன்றியது. மூளைக் கட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் 16 மில்லிகிராம் டெக்ஸாமெத்தஸோன், 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிரெட்னிசோனுக்கு ஈடாகும் என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

வலிப்பைத் தடுக்கும் லெவெடிராசெட்டம் சிலரைச் சினமுடையவராக்குகிறது. தோல் புற்றுக்கு முன்பு மிகுதியாகக் கொடுக்கப்பட்ட இன்டர்ஃபெரான் மருந்து ஆழ்ந்த சோர்வைத் தந்தது. மனச்சோர்வுக்குரிய மருந்தை முன்னரே கொடுத்தால் அதைப் பெரிதும் தடுக்கலாம் என்று 2001இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புராஸ்டேட் புற்றுக்கும் மார்பகப் புற்றுக்கும் கொடுக்கப்படும் ஹார்மோன் சிகிச்சைகள் உறக்கத்தையும் மனநிலையையும் மாற்றக்கூடும்.

அண்மைக்காலச் சிகிச்சையான கார்-டி அணு சிகிச்சையில், நோயாளியின் எதிர்ப்பாற்றல் அணுக்களை வெளியே எடுத்து, மரபணு மாற்றி, மீண்டும் உடலில் செலுத்துகின்றனர். இந்தியாவில் உருவான இத்தகைய சிகிச்சைக்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது. இது மூளையைப் பாதிக்கிறதா என்று கண்காணிக்க, நோயாளியை ஒரு வாக்கியம் எழுதச் செய்கின்றனர். முதல் நாள் தெளிவாக எழுதியவரின் கையெழுத்து மறுநாள் சிதைந்தால், மூளை பாதிக்கப்படத் தொடங்கியதற்கு அதுவே முன்னறிவிப்பாகலாம்.

மாறி மாறி வரும் மயக்கம்

நோய் முற்றிய நிலையில் நம் முன்னோர் ‘ஜன்னி’ என்றழைத்த குழப்பம் தோன்றுவதுண்டு. காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் மகனை யாரென்று கேட்பார். இறந்துபோனவர்கள் அறையில் நிற்பதாகக் கூறுவார். ஊசிக் குழாயைப் பிடுங்குவார். சிலர் ஆர்ப்பாட்டமின்றி உறங்கியபடியே இருப்பர். அமைதியாக இருக்கிறார் என்று மற்றவர்கள் அதைக் கவனியாது விடுவர். ஏற்றமும் இறக்கமுமாக மாறி மாறி வருவதும், இரவில் மிகுவதும் இந்நிலையின் அடையாளங்கள்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றல்ல. கிருமித் தொற்று, வலிநிவாரணி, உடலில் நீர் வற்றுதல், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், சிறுநீரகமோ கல்லீரலோ தளர்தல் எனப் பல சேர்ந்தே வரும். கனடாவின் எட்மன்டன் நகரில் முற்றிய புற்றுநோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வில், இக்குழப்பத்தில் ஏறக்குறையப் பாதி, சிகிச்சையால் நீங்கியது. நோய் முற்றியவர்களிடமே இவ்வளவு இயலும் எனில், மற்றவர்களிடம் காரணத்தைத் தேடாமல் விடுவது பெருந்தவறு.

சட்ட நூல்கள் காட்டும் வழி

இதுவரை கூறியவை மருத்துவத்தின்பாற்பட்டவை. ஆனால் நோயாளியின் சொல்லையும் செயலையும் எவ்வாறு மதிப்பது என்னும் வினா நம் சட்டக்கலைக்கும் உரியது. அறிவே மார்க்கப் பொறுப்புக்கு அடிப்படை என்பதால், அறிவு குன்றும் நிலைகளை நம் அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். ஹனஃபீ உஸூல் நூல்களில் ‘அவாரிளுல் அஹ்லிய்யா’ என்றொரு பகுதி உண்டு. பொறுப்பேற்கும் தகுதிக்குக் குறுக்கே வரும் நிலைகள் என்று இதனைத் தமிழாக்கலாம். மனிதன் தானே தேடிக்கொண்டவை, அவன் விருப்பமின்றி வந்து சேர்ந்தவை என அவற்றை இரண்டாகப் பிரித்தனர். இரண்டாம் வகையில் எண்ணப்படும் 11 நிலைகளுள் பைத்தியம், மறதி, மயக்கம், நோய் ஆகியவற்றோடு ‘அதஹ்’ என்பதும் ஒன்று. சில வேளை தெளிந்தவரைப் போலவும் சில வேளை புத்தி கலங்கியவரைப் போலவும் பேசுகின்ற நிலையே அது. மேலே கூறிய குழப்பத்தை நேரில் கண்டவர்களுக்கு இவ்விளக்கத்தின் பொருத்தம் புரியும்.

டமாஸ்கஸ் நகரத்து அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 1252இல் (கி.பி. 1836) மறைந்தவர். ‘ரத்துல் முஹ்தார்’ நூலில், தலாக் பற்றிய பகுதியில் அவர்கள் ஓர் அரிய நுட்பத்தைக் கூறுகின்றார்கள். முதுமையாலோ நோயாலோ திடீர்த் துயராலோ ஒருவரது அறிவு நிலைகுலைந்து, சொல்லிலும் செயலிலும் அக்குலைவு மேலோங்கியிருக்குமானால், அந்நிலை நீடிக்கும்வரை அவர் சொற்கள் கணக்கில் கொள்ளப்படமாட்டா. தாம் கூறுவதை அவர் அறிந்திருந்தாலும் விரும்பியே கூறினாலும் சரியே என்பது அக்கருத்தின் சாரம். முன்மடல் கட்டியாலோ ஸ்டீராய்டாலோ மனநிலை மாறியவர், தாம் சொல்வதை அறிந்தே சொல்கிறார். ஆயினும் சொல்லை நிறுத்துப் பார்க்கும் ஆற்றல் அவரிடம் சிதைந்திருக்கிறது. அறிதல் வேறு, நிறுத்துப் பார்த்தல் வேறு என்னும் இவ்வேறுபாட்டை நம் சட்ட அறிஞர் அன்றே கண்டிருக்கிறார்கள்.

ஆகவே சிகிச்சையிலிருப்பவர் சினத்தில் மொழிந்த தலாக்கையோ, மகனுக்குச் சொத்தில்லை என்று கூவியதையோ உடனே உறுதிப்படுத்தி ஊரில் பரப்புவது முறையன்று. மருத்துவரின் அறிக்கையோடு தகுதிவாய்ந்த முஃப்தியிடம் செல்வதே வழி. ஒவ்வொரு நோயாளியும் தகுதி இழந்தவர் என்பதும் இதன் பொருளன்று. கீமோதெரபியால் மறதி கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முழு அறிவுடையோரே. தெளிவுள்ள நோயாளியின் வாக்கை ‘மூளை கலங்கிவிட்டது’ என்று கூறி வாரிசுகள் தள்ளிவிடுவதும் அநீதியாகும். கடன், அமானிதம், வஸிய்யத் ஆகியவற்றைச் சிகிச்சை தொடங்கும் முன்னரே சாட்சிகளோடு எழுதிவைத்தால் இவ்விரு தீங்கும் நீங்கும். மரண நோயில் செய்யப்படும் கொடைகள் மூன்றிலொரு பங்கு என்னும் வரம்புக்கு உட்பட்டவை என்பதையும் மறக்கலாகாது.

வணக்கத்திலும் இடமுண்டு. ரக்அத்தில் ஐயம் வந்தால் குறைந்த எண்ணிக்கையைக் கொண்டு நிறைவு செய்து ஸஜ்தா ஸஹ்வு செய்வது ஷாஃபிஈ மத்ஹபின் முறை. அடிக்கடி ஐயம் வருபவர் தம் மனத்தில் மேலோங்கிய எண்ணப்படி செயல்படலாம் என்றும், எதுவும் மேலோங்காவிடில் குறைந்ததைக் கொள்ளலாம் என்றும் ஹனஃபீ அறிஞர்கள் கூறுவர். ஒரு தொழுகையின் நேரம் முழுவதும் மயக்கத்திலேயே கழிந்தால் அத்தொழுகை களாவாகாது என்பது ஷாஃபிஈ நிலைப்பாடு; ஒரு பகல் ஓர் இரவைக் கடந்து மயக்கம் நீடித்தால் களா இல்லை என்பது ஹனஃபீ நிலைப்பாடு. வணக்கம் சிதைந்துவிட்டதே என்று அழும் நோயாளிக்கு இவற்றை எடுத்துச் சொல்வது பெரும் ஆறுதல்.

குடும்பத்தார் செய்யத் தக்கவை

மாற்றம் எந்நாளில் தொடங்கியது, அதற்கு முன் எந்த மருந்து சேர்க்கப்பட்டது அல்லது கூட்டப்பட்டது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். மருத்துவர் நோயாளியைச் சில நிமிடங்களே பார்க்கிறார்; வீட்டிலிருப்போரே இரவும் பகலும் பார்க்கின்றனர். ‘முன்பு இப்படி இல்லை’ என்னும் சொல் மருத்துவருக்கு மிகவும் பயன்படும் செய்தி. குடும்ப மானம் போகும் என்று அதனை மறைக்கலாகாது. ஸ்டீராய்டுதான் காரணம் என்று தோன்றினாலும் தாமாகவே அதைத் திடீரென நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைப்பதும், காலை வேளைக்கு மாற்றுவதும் மருத்துவர் கையில் உள்ளன.

மறதிக்குக் குறிப்பேடும் நாட்காட்டியும் துணை. ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும். இரத்தசோகை, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் புத்தியை மந்தமாக்கும் என்பதால் அவற்றைச் சோதித்துச் சரிசெய்ய வேண்டும். மருத்துவர் அனுமதிக்கும் அளவு நடைப்பயிற்சி நன்மை தரும். குழப்பத்திலிருப்பவரோடு வாதிடுவதில் பயனில்லை. மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் அணிவித்து, மெல்லிய வெளிச்சத்தில், பழகிய முகம் ஒன்று அருகிலிருந்து இடமும் நேரமும் சொல்லிக்கொண்டிருப்பது அவரை அமைதிப்படுத்தும். நலம் விசாரிக்கச் செல்வோர் கூட்டமாகச் சென்று நெடுநேரம் அமராமல், சில நிமிடம் இருந்து துஆச் செய்து திரும்புவதே அவருக்குச் செய்யும் உதவி. அவர் கூறிய தடுமாற்றச் சொற்களை வெளியே எடுத்துச் செல்லாதிருப்பது அதனினும் பேருதவி.

புற்றுநோய் கண்டு இறந்தோரின் வீடுகளில், அவருடைய கடைசி மாதங்களின் கடுஞ்சொற்களே பல ஆண்டுகள் நினைவில் தங்கிவிடுகின்றன. மனைவி அதை எண்ணி மருகுகிறாள்; பிள்ளைகள் அதை மன்னிக்க இயலாமல் தவிக்கின்றனர். அச்சொற்களில் எத்தனை கட்டியின் அழுத்தத்தால் வந்தவை, எத்தனை மருந்தால் வந்தவை என்று இனிப் பிரித்தறிய இயலாது. ஒருவரின் இயல்புக்குச் சாட்சி அவருடைய நாற்பது ஆண்டு வாழ்க்கை. நான்கு மாத நோயைக் கொண்டு அதனைத் திருத்தி எழுதாமல் விடுவது, வாழ்ந்து மறைந்தவருக்கும் வாழ்ந்துகொண்டிருப்போருக்கும் செய்யும் நீதியாகும்.